தன்னந்தனியே ஒரு நாள்: ஷாஃப்ஹவுசனிலிருந்து கான்ஸ்டன்ஸ் வரை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)



சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் சித்தி சைக்கிளில் தனியாகப் புறப்பட்டு வேறொரு நாட்டிலுள்ள ஏரிக்கரை நகரத்துக்குப் போய், அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். இதை நான் வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. “காலையில் போய்ச் சாயங்காலம் வருவதற்கு வெளிநாடு என்ன அடுத்த தெருவா?” என்று பக்கத்து இருக்கைத் தோழி கேட்டாள். பூகோள ஆசிரியை மட்டும் சிரித்துக்கொண்டே, “அட்லஸை எடுத்துப் பார், பார்த்ததை எழுது” என்றார். அதனால் பிறந்ததே இக்கட்டுரை.

என் சித்தி சுவிட்சர்லாந்தின் வட கோடியில், ஷாஃப்ஹவுசன் நகருக்கு அருகில் செவிலியராகப் பணி புரிகிறார். அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் நகரம் இருக்கிறது. இடையில் ரைன் நதியும், அந்நதி புகுந்து வெளியேறும் பெரிய ஏரியும் உள்ளன. அந்த ஏரிக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயர் போடன்சே. நாம் கான்ஸ்டன்ஸ் ஏரி என்போம். அதன் பரப்பு 536 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 250 மீட்டருக்கும் மேல் ஆழம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் அதன் கரையில் உள்ளன. இதில் ஒரு வேடிக்கை. ஏரியின் பெரிய பகுதியான மேல் ஏரியில் எது வரை எந்த நாடு என்று மூன்று நாடுகளும் சேர்ந்து இன்று வரை உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் அரை அடி வாய்க்காலுக்காக இரண்டு வீட்டார் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அங்கே நடு ஏரிக்குக் கோடு போடாமலே காலம் தள்ளுகிறார்கள்!

சித்தி சைக்கிள் பழகியது சுவிட்சர்லாந்தில் அல்ல, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கி, எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அப்போது சைக்கிள் பழகியதாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். சித்திக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் பழகிய பிறகு மீதிப் பொழுதில், இருக்கையில் உட்காரக் கால் எட்டாமல், குரங்குப் பெடல் போட்டுப் பழகினாராம். அம்மா திருமணத்துக்குப் பிறகு சைக்கிளை விட்டுவிட்டார். சித்தி விடவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று அம்மாவே சொல்வார்.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

தனியாகப் போவதால் முதல் நாள் இரவே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. சிறிய காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஒரு ஸ்பானர், மழைக்கோட்டு, இரண்டு பாட்டில் தண்ணீர், தயிர் சாதம், ஊறுகாய், வாழைப்பழம், வசிப்பிட அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். கைபேசியில் வரைபடம் இருந்தாலும் காகித வரைபடம் ஒன்றையும் மடித்து வைத்துக்கொண்டார். காகிதத்துக்குச் சார்ஜ் தீராது அல்லவா? ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கான்ஸ்டன்ஸ் நகரம் வட அட்சம் 47 பாகைக்கும் 48 பாகைக்கும் இடையே உள்ளது. அந்த மாதத்தில் அங்கே பகல் பொழுது ஏறக்குறைய 16 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தனியே செல்பவருக்கு அதுவே பாதித் துணை.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தியின் சைக்கிள் சக்கரத்தின் விட்டம் 70 சென்டிமீட்டர். பையை 22/7 என்று கொண்டால் சுற்றளவு 220 சென்டிமீட்டர், அதாவது 2.2 மீட்டர். 50 கிலோமீட்டர் போக அச்சக்கரம் 22,727 முறை சுற்ற வேண்டும். முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 22 பற்கள் என்று கியரை வைத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றச் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். ஆகவே சித்தியின் கால்கள் ஏறக்குறைய 11,364 முறை சுற்றியிருக்க வேண்டும். இறக்கத்தில் மிதிக்காமல் விட்டதையும், மேட்டில் இறங்கித் தள்ளியதையும் கழித்துக்கொள்ளவும். இதை நான் சொன்னதும், “நல்ல வேளை, முன்னாலேயே சொல்லாமல் விட்டாய்” என்றார் சித்தி.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டார். ஷாஃப்ஹவுசன் உருவானதற்கே ஒரு பூகோளக் காரணம் உண்டு. அந்நகருக்குச் சற்றுக் கீழே ரைன் நதி 23 மீட்டர் உயரமும் 150 மீட்டர் அகலமும் உள்ள அருவியாக விழுகிறது. அருவியில் படகு போகுமா? ஆகவே முற்காலத்தில் வணிகர்கள் சரக்கை அங்கே கரையிறக்கி, வண்டியில் ஏற்றி, அருவியைத் தாண்டிக் கொண்டுபோய் மறுபடி படகில் ஏற்றினார்கள். சுமை இறக்கிய இடத்தில் ஊர் வளர்ந்தது.

சித்தி போனது அருவிக்கு எதிர்த்திசையில், நதியின் மேல்முகமாக. வழி தெரியுமோ என்ற அச்சம் தேவையிருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் சைக்கிள் பாதைகளுக்கென்றே சிவப்பு நிறப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ரைன் பாதைக்கு எண் 2. ஒவ்வொரு பிரிவிலும் அந்த எண்ணைத் தேடினால் போதும். பாதை ஆற்றங்கரை வழியாகவும் வயல் வழியாகவும் ஊருக்குள்ளும் மாறி மாறிப் போகிறது. நதியை ஒட்டிப் போவதால் பெரிய மலை ஏற்றம் இல்லை. ஆனால் கிழக்கு நோக்கிப் போனதால் காலை வெயில் நேரே கண்ணில் அடித்ததாம்.

சுமார் பத்துக் கிலோமீட்டரில் டீசன்ஹோஃபன் என்ற சிற்றூர். அதற்குச் சற்று முன்பே நதிக்கரையில் வெண்ணிறமான ஒரு பெரிய கட்டடம். அது 13ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித கத்தரீனாள் கன்னியர் மடம். தோமினிக் சபைக் கன்னியர் அங்கே வாழ்ந்தார்கள். திருப்பலிப் பாடல்களைத் தோலில் எழுதி, பொன்னும் வண்ணமும் தீட்டிய பெரிய புத்தகம் ஒன்று அவர்களுக்காக 1312-இல் உருவாயிற்று. அச்சு இயந்திரம் வர இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. 1869-இல் அரசு அந்த மடத்தை மூடிவிட்டது. இன்று அது ஒரு மருத்துவமனை. நோய்க்குப் பின் தேறுகிறவர்கள் அங்கே நடை பழகுகிறார்கள். சித்தி வெளியே சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நடை வண்டியைப் பிடித்து ஒருவர் அடிமேல் அடி வைத்துப் போவதைப் பார்த்ததும், தம் வார்டு நினைவு வந்துவிட்டதாம். விடுமுறை நாளிலும் வேலை பின்னாலேயே வருகிறது பாருங்கள்!

டீசன்ஹோஃபனில் நதியின் மேல் கூரை போட்ட மரப்பாலம் உண்டு. அக்கரை ஜெர்மனி. பாலத்துக்கு எதற்குக் கூரை என்று நானும் யோசித்தேன். நடப்பவர் நனையாமலிருக்க அல்ல, மரம் நனைந்து உளுத்துப் போகாமலிருக்கவே கூரை.

அடுத்தது ஸ்டைன் அம் ரைன். ஏரி முடிந்து ரைன் மீண்டும் நதியாகும் இடம் அது. கடைத்தெரு வீடுகளின் முகப்பெல்லாம் ஓவியம். சித்தி அனுப்பிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அந்த அழகிய ஊரில் 1945 பிப்ரவரி 22 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1944 ஏப்ரல் 1 அன்று, ஷாஃப்ஹவுசனிலும் குண்டு விழுந்து 40 பேர் மாண்டனர். சுவிட்சர்லாந்தோ போரில் சேராத நாடு. ஜெர்மனி என்று தவறாக எண்ணிப் போட்ட குண்டுகள் அவை. நதிக்கு இக்கரையா அக்கரையா என்பது மேலிருந்து பார்த்தவருக்குத் தெரியவில்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டன்ஸ் போனதும் தேவைப்படும்.

இங்கிருந்து நதி மறைந்து ஏரி தொடங்குகிறது. இதற்குக் கீழ் ஏரி என்று பெயர். மம்மர்ன் என்ற ஊரைத் தாண்டியதும் சித்தியின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. முன்னும் பின்னும் ஆளில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் நாணல். “அப்போதுதான் முதன் முதலாகத் தனியாக இருக்கிறோம் என்று தோன்றியது” என்றார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்பல்லில் செயினை மாட்டி, முன்பல்லில் பாதியைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினார். டக்கென்று ஏறிக்கொண்டது. பத்து வயதில் கருவேல மரத்தடியில் கற்றது! அந்த வழியாக வந்த ஒரு முதியவர் சைக்கிளை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டார். சித்தி கறுத்த கைகளைத் தூக்கிக் காட்டி, முடிந்துவிட்டது என்றார். அவர் தம் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் சித்தியிடம் இருக்கிறது. மசகு போகவில்லை.

கை கழுவியது ஸ்டெக்போர்னில். நம் தையல் வகுப்புத் தோழியருக்கு ஒரு செய்தி: பெர்னினா என்ற தையல் இயந்திரம் இந்தச் சிற்றூரிலிருந்துதான் வருகிறது.

பிறகு இடப்பக்கத்தில், நீருக்கு நடுவே தாழ்வாக ஒரு தீவு தெரிந்தது. அதுதான் ரைஷனவ். புனித பிர்மின் 724-இல் அங்கே ஆசீர்வாதப்பர் சபை மடம் ஒன்றை நிறுவினார். அத்தீவு 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நான் எழுத விரும்புவது தீவைப் பற்றி அல்ல, அங்கே வாழ்ந்த ஒரு துறவியைப் பற்றி. அவர் பெயர் ஹெர்மான். 1013-இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலிருந்தே கை கால்கள் முடங்கியவர். நடக்க முடியாது, தூக்கித்தான் செல்ல வேண்டும். பேச்சும் தெளிவாக வராது. அப்படிப்பட்டவர் கணிதம் எழுதினார். விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவியைப் பற்றி நூல் எழுதினார். இசை இலக்கணம் எழுதினார். உலக வரலாற்றை ஆண்டு வாரியாக எழுதினார். 41 வயதில், 1054-இல், காலமானார். செபமாலையின் முடிவில் நாம் ‘கிருபை தயாபத்து மந்திரம்’ சொல்கிறோமே, அதன் இலத்தீன் மூலத்தை இயற்றியவர் அவரே என்பது நெடுநாள் மரபு. இன்றைய அறிஞர்கள் சிலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. எப்படியானாலும், அந்தத் தீவைப் பார்த்ததும் சித்தி சைக்கிளை நிறுத்தி, கரையில் நின்று, அந்த மந்திரத்தைத் தமிழில் சொன்னார். கால் நடக்காதவர் இருந்த இடத்துக்கு நேரே, இரண்டு காலாலும் மிதித்து வந்து நின்றபோது, இடுப்பு வலியைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தது வெட்கமாக இருந்ததாம்.

கடைசியாகக் காட்லீபன். ஏரிக்கரையில் இரட்டைக் கோபுரமுள்ள கோட்டை. இந்த இடத்தில் சரித்திரம் சற்று நீளமாக வரும்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1414-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியது. அந்நாளில் திருத்தந்தை நானே என்று மூவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உரோமையில் பன்னிரண்டாம் கிரகோரி, அவிஞ்ஞோன் வழியில் பதின்மூன்றாம் பெனடிக்ட், பீசா வழியில் இருபத்துமூன்றாம் அருளப்பர். (1962-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கி வைத்த இருபத்துமூன்றாம் அருளப்பர் வேறு. முன்னவர் கணக்கில் சேராததால்தான் பின்னவர் அதே எண்ணை எடுத்துக்கொண்டார்.) அந்தப் பீசா வழி அருளப்பர், தம் பதவி போய்விடும் என்று அறிந்து, 1415 மார்ச் மாதத்தில் மாறுவேடமிட்டுக் கான்ஸ்டன்சிலிருந்து தப்பினார். எங்கே ஓடினார் தெரியுமா? ஷாஃப்ஹவுசனுக்கு! சித்தி வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் அவர் போயிருக்கிறார். பிறகு அவரைப் பிடித்து வந்து காட்லீபன் கோட்டையில் அடைத்தார்கள். அதே ஆண்டில், அதே கோட்டையில், இன்னொரு கைதியும் இருந்தார். அவர் பொஹீமிய நாட்டுக் குருவானவர் யான் ஹுஸ்.

கோட்டைக்குள் போக அனுமதியில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு, கடைசிச் சில கிலோமீட்டரை மிதித்துப் பதினொன்றரை மணிக்குச் சித்தி எல்லையைக் கடந்தார்.

எல்லை என்றதும் துப்பாக்கியும் முள்வேலியும் எனக்குத் தோன்றின. அங்கே கிரோய்ட்ஸ்லிங்கன் என்ற சுவிஸ் ஊரும் கான்ஸ்டன்சும் தெருவோடு தெருவாக ஒட்டிக் கிடக்கின்றன. உலகப் போர்க் காலத்தில் இடையே வேலி இருந்தது. ஏரிக்கரையில் அந்த வேலியை 2006-இல் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் சிற்பங்கள் நட்டார்கள். பின் 2020-இல் கொரோனா வந்தபோது மறுபடி வேலி போட்டார்கள். இரண்டு ஊரிலும் உறவினரும், மணம் பேசியவரும் வேலிக்கு இப்பக்கமும் அப்பக்கமும் நின்று பேசினார்கள். தொடாமல் இருக்க இரண்டாவது வேலியும் வந்தது. மே மாதத்தில் நீக்கினார்கள். சித்தி கடந்த நாளில் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. பையில் அதை வைத்த இடத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்ததுதான் மிச்சம்.

போரில் ஜெர்மனியின் நகரங்கள் பல இடிந்து போயின. கான்ஸ்டன்சின் பழைய நகரம் அப்படியே நிற்கிறது. இரவில் மற்ற ஜெர்மானிய ஊர்களெல்லாம் விளக்கை அணைத்து இருட்டில் ஒளிந்தபோது, கான்ஸ்டன்ஸ் மட்டும் பக்கத்துச் சுவிஸ் ஊரைப் போலவே விளக்கெரிய விட்டது. மேலே பறந்தவர்கள் இரண்டையும் ஒரே ஊர் என்று எண்ணி விட்டுவிட்டார்கள் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். சுவிஸ் ஊர் ஜெர்மானிய ஊராகத் தோன்றி அடிபட்டது. ஜெர்மானிய ஊர் சுவிஸ் ஊராகத் தோன்றித் தப்பியது. ஒரே நதிக்கரை, 50 கிலோமீட்டர்! பூகோளப் படத்தில் மெல்லிய கோடாகப் போடுவதை இனி நான் அலட்சியமாகப் போடமாட்டேன்.

துறைமுகத்தில் நீண்ட சரிவுக் கூரையுடன் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. 1388-இல் வணிகரின் பண்டகசாலையாகக் கட்டத் தொடங்கியது அது. மூட்டை அடுக்கிய அந்த இடத்தில்தான் 1417 நவம்பரில் 23 கர்தினால்களும், ஐந்து நாட்டினங்களிலிருந்து வந்த 30 பிரதிநிதிகளும் அடைபட்டு வாக்களித்து, ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். மூவர் போய் ஒருவரானார். திருச்சபையின் பெரும் பிளவு தீர்ந்தது.

சித்தி தயிர் சாதத்தை அந்தத் துறைமுகத்தில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பழைய நகரத்துக்கு மேற்கே போனார். அங்கே ஒரு பெரிய கரும்பாறை. 1862-இல் வைத்தது. ஹுஸ் எரிக்கப்பட்ட இடத்தை நினைவூட்டுவது. பாதுகாப்பாக வந்து போகலாம் என்று அரசர் சிகிஸ்முந்து வாக்குக் கொடுத்து வரவழைத்த மனிதரை, 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்தார்கள். பாறையருகே யாரோ மலர் வைத்திருந்தார்கள் என்று சித்தி எழுதியிருந்தார்.

இதைப் படித்ததும் எனக்கு உறங்க முடியவில்லை. நம் சங்கம், பிளவைத் தீர்த்த நல்ல சங்கம், இதையும் செய்ததா? மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டேனோ என்று கை நடுங்கியது. அருட்சகோதரி சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். பின், “ஆம், செய்தது” என்றார்கள். 1999 டிசம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ஹுஸ் அடைந்த கொடிய மரணத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்ததைச் சொன்னார்கள். “584 வருடம் ஆயிற்று, சிஸ்டர்” என்றேன். “கணக்கில் நீ கெட்டிக்காரிதான்” என்று சொல்லி, இதையும் கட்டுரையில் எழுதச் சொன்னார்கள். ஆகவே எழுதியிருக்கிறேன்.

சித்தி இன்னும் ஓர் இடத்துக்குப் போக எண்ணியிருந்தார். கான்ஸ்டன்சுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், சுவிஸ் கரையில் முன்ஸ்டர்லிங்கன் என்ற ஊர். அங்கே தேவாலயத்தில் புனித அருளப்பரின் மரச்சிற்பம் ஒன்று இருக்கிறது. அது அந்த ஊருக்கே உரியது அல்ல. அக்கரையிலுள்ள ஹாக்னவ் என்ற ஜெர்மானிய ஊரும் அதற்கு உரிமையுடையது. ஏரி முழுதும் உறைந்து போகும் குளிர்காலத்தில் மட்டும், மக்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து, அச்சிற்பத்தைப் பவனியாக அக்கரைக்கு எடுத்துச் செல்வார்கள். பிறகு ஏரி மறுபடி உறையும் வரை அது அங்கேயே இருக்கும். 1830-இல் உறைந்தபோது ஹாக்னவுக்குப் போன சிற்பம், 1963 பிப்ரவரி 12 அன்றுதான் முன்ஸ்டர்லிங்கனுக்குத் திரும்பி வந்தது. இடையே 133 ஆண்டு! 1963-க்குப் பிறகு ஏரி முழுதாக உறையவில்லை. உலகம் சூடாகிக்கொண்டு வருவதால், ஹாக்னவ் மக்கள் காத்திருப்பது எவ்வளவு காலமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்தச் சிற்பத்தைச் சித்தி பார்க்கவில்லை. மூன்று மணி அளவில், ஏரிக்கரையில் ஒரு கம்பத்தின் மேல் செம்மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று பொருள். 90 முறை மின்னினால் புயற்காற்று வருகிறது, படகுகள் கரை சேர வேண்டும் என்று பொருள். நாடித்துடிப்பு எண்ணிப் பழகிய செவிலியர் அல்லவா! சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முதலில் 40. வானம் மேற்கே கறுத்தது. சிறிது நேரத்தில் மறுபடி எண்ணினார்: 90.

தனியாக வந்தவர் தாமே முடிவு செய்ய வேண்டும். போவதா, திரும்புவதா என்று கேட்க ஆளில்லை. “உன் அம்மா உடன் இருந்திருந்தால் ‘போய்த்தான் பார்ப்போமே’ என்றிருப்பாள், நான் ‘வேண்டாம்’ என்று சண்டை போட்டிருப்பேன். தனியாக இருந்ததால் சண்டையில்லாமல் திரும்பினேன்” என்றார் சித்தி. அங்கே ரயிலில் சைக்கிளையும் ஏற்றலாம். அதற்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். காலையில் மிதித்து வந்த ஊர்களெல்லாம் ஜன்னலில் மழைக்குள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஐந்து மணி நேரமாக வந்த வழியை ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டது. செயின் கழன்ற நாணற்கரையை மட்டும் சித்தியால் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

அன்றிரவு புதுக்கோட்டையிலிருந்து அம்மாச்சி பேசினார்கள். “யாரோட போனே?” என்றுதான் முதல் கேள்வி. யாருமில்லை என்றதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சாப்பிட்டியா? ஊறுகாய் எடுத்துக்கிட்டுப் போனியா?” என்றார்கள். முன்ஸ்டர்லிங்கன் எப்போது என்று நான் கேட்டதற்கு, “நீ பரீட்சை எழுதி முடி, பாஸ்போர்ட் எடு, வா, சேர்ந்து போவோம்” என்று சித்தி சொல்லியிருக்கிறார். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அவளுக்கு முன்னால் நான் வர்றேன், சைக்கிளுக்குக் காற்று அடிச்சு வை” என்றார்.